“எனக்கு என்னம்மா?” என்று கேட்டார், நான் தலையணையைச் சரிசெய்தேன்

கேள்வி: அன்புள்ள அக்கா, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு, எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு வலி நிவாரண மையத்தில் கவுன்சிலராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். முதல் நாளே மகன் வாசலில் மடக்கி, “அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம் மேடம், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க” என்றார். நானும் தலையாட்டினேன். மூன்றாவது முறை போனபோது மகன் கடைக்குப் போயிருந்தார். “எனக்கு என்னம்மா? நீயாவது சொல்லு” என்று அவர் கேட்டார். “டாக்டர் வந்து சொல்வார் ஐயா” என்று சொல்லித் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். ஒன்பதாவது நாள் இறந்துவிட்டார். நாற்பது நாள் ஆகிறது, துக்கம் கேட்கவும் போகவில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க நாங்கள் கொடுத்த வாட்டர் பெட்டை (தண்ணீர் நிரப்பிய மெத்தை) எடுக்க வண்டி போகும்போது கூடப் போகச் சொல்கிறார்கள், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி அந்த முகம்தான் வருகிறது. “கல்யாணம் ஆகாத பொண்ணு எந்நேரமும் சாவு வீட்டுக்குப் போய் வர்றே” என்று அம்மா திட்டுகிறார்; குளிக்காமல் உள்ளே விடுவதில்லை. வேலையை விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தலையணையிலிருந்தே ஆரம்பிப்போம் தங்கச்சி. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஃபைலைப் புரட்டுவேன். என்னோடு இருந்த நர்ஸ் பி.பி. பார்க்கும் பட்டையை எடுப்பார். அந்தக் கேள்வி வந்தால் கை தானாக ஒரு வேலையைத் தேடும். எட்டு மாதத்தில் ஒரு தலையணை என்றால், எனக்கு அது பெரிய கணக்காகத் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன பதிலிலும் பாதி சரிதான். நோயின் பெயர், சிகிச்சை, இனி என்ன என்பதெல்லாம் டாக்டர் வாயிலிருந்து வரவேண்டியவை. ஆனால் அன்று சாயங்காலம் டாக்டரிடம், “ஐயா கேட்கிறார், அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்” என்று சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தப்பு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான். தலையணையில் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இஞ்சின் சத்தம் லேசாக மாறினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர். சோறு இறங்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை, அப்புறம் தண்ணீரும் இறங்கவில்லை. இது அல்சர் என்று நம்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இப்படிக் கேட்கிறவர்களில் பலருக்கு நோயின் பெயர் முன்பே தெரியும். அதைப் பற்றிப் பேச ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை. மகன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்துக் கேட்டார், கவனித்தீர்களா?

அடுத்த முறை பதிலைத் தேடாதீர்கள். “உங்களுக்கு என்னன்னு தோணுது ஐயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் கிளம்பப் போகிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். சிலர், “சரியாயிடும்ல?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு இன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம். விட்டுவிடுங்கள். சிலர், “எனக்குத் தெரியும்மா, பையன்தான் பயப்படுறான்” என்பார்கள். நம் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: சொசைட்டிக் கடன், மனைவி யாரோடு இருப்பாள், பேத்தி காதுகுத்தை முன்னாடியே வைத்துவிடலாமா. ஒருவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசியது முழுக்கத் தன் பசுமாட்டைப் பற்றி.

ஒன்று மட்டும், வலி அடங்காதவரிடம் இதையெல்லாம் பேசப் போகாதீர்கள். நாலு மணிக்கொருதரம் தரவேண்டிய மார்ஃபினை, “போதை மாத்திரையாமே” என்று பயந்து ராத்திரி வேளையில் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. அங்கே கவுன்சிலிங் என்பது முதலில் அந்தப் பயத்தைப் போக்குவதுதான்.

மகன்மேல் கோபம் வேண்டாம். ஆனால் வாசலில் தலையாட்டியதுதான் உங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. அப்படி மடக்குகிறவர்களிடம் நான் சொல்வது இது: “நானாப் போய் எதையும் சொல்ல மாட்டேன் தம்பி. அவராக் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்.” முகம் சுருங்கும். உடனே, “அப்பா உங்ககிட்டயே கேட்டா என்ன சொல்வீங்க? நீங்க ராத்திரி தூங்குறீங்களா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே, செருப்புகளுக்கு நடுவில் நின்றபடி அழுதுவிடுவார்கள்.

இந்தத் துறைக்கு வழி போட்ட சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம் உங்களைப் போல மருத்துவமனைச் சமூகப் பணியாளர். அதற்கும் பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கினார். உடம்பின் வலி, மனசின் வலி, குடும்பக் கவலை, ‘எனக்கு ஏன் இது’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் மொத்த வலி என்றவர் அவர். நம் பக்கத்திலேயே, 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி கேரளம் முழுக்கப் பரவிய வலி நிவாரண இயக்கத்தைத் தாங்கியவர்களில் அக்கம்பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். பட்டம் இல்லை, பயிற்சி மட்டும்தான். வாரத்தில் சில மணி நேரம் போய் உட்கார்ந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. இங்கே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் படுக்கையில் கிடப்பவர்களை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். ஆனால் புண்ணைக் கட்டிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். உட்கார ஆள் வேண்டுமே! (கவுன்சிலர் என்று அறிமுகம் செய்துகொண்டால் சாக்கடை அடைப்பைச் சொல்ல வருகிறார்கள், அது வேறு கதை.)

சரி, வாட்டர் பெட். அந்த வண்டியில் நீங்கள் ஏறத்தான் வேண்டும். முதல் பதினாறு நாளுக்கு நம் ஊரில் எல்லாம் இருக்கிறது: பந்தல், பக்கத்து வீட்டுச் சாப்பாடு, கட்டிப்பிடித்து அழ ஆள். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் தலைத்திவசம் வரை அந்த வீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துக்க ஆலோசனை என்று நாம் செய்வது அந்த இடைவெளியில்தான். மிச்ச மார்ஃபின் மாத்திரையை எண்ணித் திரும்ப வாங்குவார்கள். பெட்டில் இருக்கும் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொல்லையில் வடிப்பார்கள்; அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். பெட் தட்டையாகிச் சுருளும்போது அதுவரை கல்லாக நின்ற மனைவி உடைந்துபோவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

என்ன பேசுவது? “ஐயாவுக்குக் கடைசி நாள் எப்படி இருந்தது?” போதும். “காலம் ஆத்தும்” மட்டும் வேண்டாம். ஆரம்பத்தில் நான் அதைச் சொல்லியிருக்கிறேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மா நிமிராமலே, “எத்தனை மாசம்னு சொல்லு, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிறேன்” என்றார். என்னிடம் பதில் இல்லை. மிச்சக் கீரையை நானும் ஆய்ந்தேன்.

வகுப்பில் படித்த ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) அங்கே தேடாதீர்கள். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அதைச் சொன்னது சாகப்போகிறவர்களோடு பேசிப் பார்த்து. பறிகொடுத்தவர்கள்மேல் அதை ஏற்றியது பிற்பாடு. 1999இல் ஸ்ட்ரோபா, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது நான் பார்க்கும் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. துக்கம் ஊஞ்சல் மாதிரி: இந்தப் பக்கம் இழப்பு, அந்தப் பக்கம் பிழைப்பு. காலையில் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் கறாராகப் பேசுகிறவர், மாலையில் இறந்துபோன கணவருடைய காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டும் வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் ஊஞ்சல் ஒரே பக்கம் நின்றுவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அவர்கள் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். இறந்துபோனவர்களைப் பற்றி வாரம் ஒரு நாள் குழுவாக உட்கார்ந்து பேசும் வழக்கம் உங்கள் மையத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் சண்டை போட்டாவது கேளுங்கள். ராத்திரி வருகிற அந்த முகத்தை முதல் கூட்டத்திலேயே எடுத்து வையுங்கள். அம்மா சொல்லும் குளியலை நான் எதிர்க்க மாட்டேன். தீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தினமும் வந்ததும் கொல்லைப்பக்கம் நாலு சொம்பு தலையில் ஊற்றிக்கொண்டுதான் வீட்டு மனுஷி ஆகிறேன். கல்யாணப் பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அம்மா கடைசிவரை “ஆஸ்பத்திரி வேலை” என்றே சமாளித்தார்.

வேலையை விடுவதைப் பற்றி அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு யோசியுங்கள். போய்வந்தும் மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை, சம்பளமும் ஒன்றும் அள்ளிக் கொடுப்பதில்லை. அங்கே போய், “அன்னைக்கு ஐயா கேட்டாரு, நான் பேச்சை மாத்திட்டேன்” என்று மன்னிப்புக் கேட்க மட்டும் வேண்டாம். அந்தப் பாரத்தைக் குழுவில் இறக்குங்கள், அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். மகனே அந்தப் பேச்சை எடுத்து, “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா மேடம்?” என்று கேட்டால், என்ன திருப்பிக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். நாலு மணி வாக்கில் போங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள்.