நாலு வயதில் அறிவியல் வேண்டுமா? பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதிய சகோதரிக்குப் பதில்

சகோதரி, பாலர் பள்ளியில் உங்கள் நாலு வயது மகனை வைத்துப் பயறு முளைக்க விடுகிறார்கள், அந்த நேரத்தில் எழுத்துச் சொல்லித் தரலாமே என்று மாமியார் குறைப்படுகிறார், பள்ளியை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். மலேசியாவின் 2017 தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்திலேயே அறிவியலுக்கு இடம் இருந்தது, ஆசிரியை ஒன்றும் பொழுதைப் போக்கவில்லை.

வீட்டிலும் செய்யுங்கள். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு ஒரு கிண்ணத்தை ஜன்னலோரமும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வையுங்கள். எது உயரமாக வளரும் என்று முதலில் அவனையே சொல்லச் சொல்லுங்கள், இதுதான் முக்கியம். இருட்டில் இருப்பது வெளுத்துப்போய் நெடுநெடுவென்று நிற்கும், ஏனென்றால் விதைக்குள் இருக்கும் சத்தைச் செலவழித்து வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. தான் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்று கண்ணால் பார்த்த பிள்ளை அடுத்த முறை சும்மா தலையாட்டாமல் ஏன் என்று கேட்கும். முளையை அளந்து தினமும் எழுதி வைத்தால் மாமியார் கேட்கும் எழுத்தும் எண்ணும் அதிலேயே வந்துவிடும்.

அப்புறம் நிழல். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.20 வாக்கில். ஏப்ரல் தொடக்கத்தில் அந்த நேரம் கீழே கூட்டிப் போனால் நிழல் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கும், சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு சாயங்காலம் அதே இடத்தில் மறுபடி நிற்க வையுங்கள்.