கணினி கேள்வி-பதில்: விஎம் சைஸை எங்கே எழுதுவது?

கேள்வி: மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் மூன்று விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) உருவாக்க டெம்ப்ளேட் ஃபைல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியா ரீஜனில் (டேட்டா சென்டர் வட்டாரத்தில்) ஒரு வருடமாக எந்தத் தொல்லையும் இல்லை. அதே ஃபைலைச் சென்னையில் உள்ள சவுத் இந்தியா ரீஜனுக்குக் கொடுத்தால் 'ஸ்கியூ நாட் அவைலபிள்' (இந்த வகை இங்கே கிடைக்காது) என்று நின்றுவிடுகிறது. டெம்ப்ளேட்டில் என்ன தவறு, மேடம்?
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் அனுப்பிய ஃபைலைப் படித்தேன். இலக்கணத்தில் தவறு இல்லை. 'விஎம் சைஸ்' என்ற வரியில் சைஸின் பெயரை மூன்று இடத்திலும் நேரடியாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். சைஸ் என்பது மெஷினின் சிபியூ, மெமரி அளவு. எல்லா சைஸும் எல்லா ரீஜனிலும் கிடைக்காது. ஒரு ரீஜனில் கிடைக்கும் சைஸ்கூட உங்கள் சப்ஸ்கிரிப்ஷனுக்குத் திறக்கப்படாமல் இருக்கலாம். அஷூர் சிஎல்ஐயில் (கட்டளை தட்டும் கருவியில்) 'லிஸ்ட் ஸ்கியூஸ்' கட்டளையை, லொகேஷனாக சவுத் இந்தியாவைக் கொடுத்து, 'ஆல்' என்பதையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். 'ஆல்' இல்லாவிட்டால் உங்களுக்கு மூடியிருக்கும் சைஸ்கள் பட்டியலிலேயே வராது. வரும் அட்டவணையில் கடைசிப் பத்தி 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்'. அதில் 'நன்' (தடை ஏதும் இல்லை) என்று இருக்கும் சைஸைத்தான் டெம்ப்ளேட்டில் போட வேண்டும்.

இந்தப் பிழைச் செய்தியோடு குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு உண்டு. 'கோட்டா எக்ஸீடட்' என்று வந்தால் சைஸ் அங்கே இருக்கிறது, உங்களுக்கு ஒதுக்கிய விசிபியூ (மெய்நிகர் சிபியூ) எண்ணிக்கைதான் தீர்ந்துவிட்டது. கோட்டா ரீஜனுக்கு மொத்தமாக ஒன்று, சைஸ் குடும்பத்துக்குத் தனித்தனியாக ஒன்று என்று இரண்டு அடுக்காக இருக்கும். மொத்தத்தில் இடம் இருந்தும் குடும்பக் கோட்டாவில் இடிக்கும். கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பித்தால் போதும். 'அலோகேஷன் ஃபெயில்ட்' என்றால் உங்கள் கோட்டா சரி, அந்த நேரத்தில் அந்த டேட்டா சென்டரில் அந்த சைஸுக்குக் காலி இடம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்தோ, வேறு சைஸிலோ முயல வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. செய்தியை முழுதும் படிக்காமல் மறுபடி மறுபடி 'டிப்ளாய்' பட்டனை அழுத்தி ஒரு நாளைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, டெம்ப்ளேட்டுக்கு வருவோம். சைஸை ஒரு பேராமீட்டராக, அதாவது ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக, வெளியே எடுங்கள். புனேக்கு ஒரு பேராமீட்டர் ஃபைல், சென்னைக்கு ஒன்று. டெம்ப்ளேட் அப்படியே இருக்கும், சைஸ் மட்டும் மாறும். மெஷின் என்ன, அதற்கு நெட்வொர்க் எது, டிஸ்க் எத்தனை என்பதெல்லாம் நாம் ஒருமுறை யோசித்து எழுதுவது. சைஸ் அப்படி அல்ல. ரீஜன் மாறினால் மாறும், வேலை கூடினால் மாறும், பில் வந்தால் மாறும். அடிக்கடி மாறும் ஒன்றை ஃபைலின் நடுவயிற்றில் புதைக்கக் கூடாது.

பேராமீட்டருக்கு 'அலவ்டு வேல்யூஸ்' பட்டியலும் கொடுங்கள். டெம்ப்ளேட் எழுதும் மொழியான பைசெப்பில் எழுதுபவர்களுக்கு அது '@அலவ்டு'. எங்கிருந்தோ எடுத்த இருநூறு சைஸை அப்படியே ஒட்டுகிறார்கள். அப்படி ஒரு பட்டியல் யாரையும் தடுக்காது. நீங்கள் சோதித்துப் பார்த்த நான்கைந்து போதும். எட்டு கோர் போட வேண்டிய இடத்தில் யாராவது அறுபத்து நான்கு என்று தட்டினால் அங்கேயே நிற்கட்டும். ஆனால் அந்தக் காவல் அந்த டெம்ப்ளேட்டுக்கு மட்டும்தான். அஷூரின் இணையப் பக்கமான போர்ட்டலில் நேராகப் போய் விஎம் உருவாக்குபவரைத் தடுக்க வேண்டுமானால் அஷூர் பாலிசியில் அதற்கென்றே ஒரு தயார் விதி இருக்கிறது, அதைப் போடுங்கள்.

கேள்வி: அக்கா, டி2எஸ் வி3, ஈ4டிஎஸ் வி5 என்றெல்லாம் பெயரைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மனப்பாடம் செய்ய வேண்டுமா?
- பாலிடெக்னிக் மாணவர், நாமக்கல்

பதில்: வேண்டாம் தம்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினால் போதும். முதல் எழுத்து குடும்பம். பெரிய 'டி' பொதுவான வேலைக்கு, ஒரு விசிபியூவுக்கு 4 ஜிபி மெமரி. 'ஈ' மெமரி அதிகம் கேட்கும் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு, 8 ஜிபி. 'எஃப்' கணக்குப் போடும் வேலைக்கு, 2 ஜிபி. அடுத்த எண் விசிபியூ எண்ணிக்கை. ஆகவே டி2எஸ் வி3 என்றால் 2 விசிபியூ, 8 ஜிபி. சின்ன 'எஸ்' இருந்தால் பிரீமியம் டிஸ்க் இணைக்கலாம். சின்ன 'டி' இருந்தால் மெஷினோடு ஒரு தற்காலிக டிஸ்க் வரும். ஆனால் வி3 போன்ற பழைய தலைமுறைகளில் அந்த எழுத்து இல்லாமலேயே தற்காலிக டிஸ்க் வந்தது, அதை மறக்காதே. 'ஏ' என்றால் ஏஎம்டி ப்ராசஸர். எண்ணுக்குப் பின் வரும் சின்ன 'பி' (p) என்றால் ஆர்ம் ப்ராசஸர், அதற்கு ஆர்ம் இமேஜ்தான் (ஓஎஸ் பிரதிதான்) வேண்டும், சாதாரண எக்ஸ்64 இமேஜ் ஏறாது. கடைசி 'வி' தலைமுறை.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். கணக்கு மென்பொருளை பி2எஸ் (B2s) விஎம்மில் வைத்திருக்கிறோம். மாதம் முழுதும் நன்றாக ஓடுவது, ஜிஎஸ்டிஆர் 3பி கெடு தேதியான 20 நெருங்கும்போது இழுக்கிறது. 19ஆம் தேதி மாலை மூன்று மணிக்கு இழுத்தது, 20ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு முன்பே இழுத்தது. வைரஸாக இருக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: வைரஸ் இல்லை. நேரத்தைக் குறித்து வைத்திருந்தீர்கள், அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. இந்த வகை விஎம் மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. வேலை குறைவாக இருக்கும்போது கிரெடிட் சேரும், வேலை கூடும்போது செலவாகும். ஒரு கிரெடிட் என்றால் ஒரு விசிபியூ ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவது. பி2எஸ்ஸுக்கு மணிக்கு 24 கிரெடிட் வரும், தொட்டி 576 வரைதான் கொள்ளும். இரண்டு விசிபியூவும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 செலவு. வரவைக் கழித்தால் 96. 576ஐ 96ஆல் வகுத்தால் 6. காலை ஒன்பது மணிக்கு நிரம்பிய தொட்டியோடு தொடங்கினால் மூன்று மணிக்குக் காலி.

மாலை ஆறு மணிக்கு வேலையை நிறுத்தி மறுநாள் காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் இடையில் 15 மணி நேரம். மெஷின் சும்மா கிடந்தாலும் 360 கிரெடிட்தான் சேரும். அது மூன்றே முக்கால் மணி நேரத்தில் தீரும், அதாவது 12.45. உங்கள் 20ஆம் தேதிக் கதை இதுதான். தொட்டி காலியானதும் இரண்டு விசிபியூவுக்கும் சேர்த்து ஒரு விசிபியூவின் 40 சதவீத வேகம்தான் கிடைக்கும். மானிட்டர் பகுதியில் 'சிபியூ கிரெடிட்ஸ் ரிமெயினிங்' என்ற கோட்டைப் பாருங்கள், இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

மாதம் முழுதும் பெரிய மெஷினுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு டெம்ப்ளேட் எழுதித் தந்தவரிடம் 'கெடு நாள்' என்று இன்னொரு பேராமீட்டர் ஃபைல் கேளுங்கள். 17ஆம் தேதி இரவு டி2எஸ் வி3, 21ஆம் தேதி இரவு மறுபடி பி2எஸ். மெமரியும் 4 ஜிபியிலிருந்து 8 ஆகும். இரவு என்று சொல்வதற்குக் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் சைஸை டெம்ப்ளேட்டில் மாற்றி மறுபடி டிப்ளாய் செய்யலாமா? டேட்டா போகுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: செய்யலாம். மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், 'செய்யட்டுமா' என்று கேட்காமலே ஆகும். ஓஎஸ் டிஸ்க்கும், நீங்கள் இணைத்த டேட்டா டிஸ்க்கும் அப்படியே இருக்கும். தற்காலிக டிஸ்க்கில் இருப்பது போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேராமீட்டரில் 2 என்பதை 4 என்று மாற்றி டிப்ளாய் செய்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது, மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து போன். ஸ்கேன் செய்த பில்கள் மூன்று வாரத்துக்கு இல்லை. அந்த மென்பொருளை நிறுவியவர் பில்களை டி டிரைவில் சேமிக்கும்படி வைத்திருந்தார். விண்டோஸ் விஎம்மில் டி டிரைவ்தான் தற்காலிக டிஸ்க், அதற்கு 'டெம்ப்பரரி ஸ்டோரேஜ்' என்று பெயரே போட்டிருக்கும், டேட்டா போய்விடும் என்று எச்சரிக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் உள்ளேயே இருக்கும். அவரும் படிக்கவில்லை, மாற்றும் முன் நானும் திறந்து பார்க்கவில்லை. கணக்குப் பிரிவில் இரண்டு பெண்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பில்லையும் மறுபடி ஸ்கேன் செய்தார்கள். காகிதம் இருந்ததால் தப்பித்தோம்.

அதனால் மாற்றும் முன் டி டிரைவைத் திறந்து பாருங்கள். பேஜ் ஃபைலும் அந்த எச்சரிக்கை ஃபைலும் தவிர வேறு ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு, முதலில் அதை டேட்டா டிஸ்க்குக்கு மாற்றுங்கள், மென்பொருளின் பாதையையும் மாற்றுங்கள். டிப்ளாய் செய்யும் முன் 'வாட்-இஃப்' கட்டளையை ஓட்டி எது மாறப்போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விண்டோஸ் மெஷினில் தற்காலிக டிஸ்க் உள்ள சைஸிலிருந்து அது இல்லாத சைஸுக்கு நேராகத் தாவ முடியாது. உங்கள் டி2எஸ் வி3ஐ டி4எஸ் வி5 ஆக்க நினைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை காட்டி நின்றுவிடும். டி4டிஎஸ் வி5 கொடுங்கள்.