அமெரிக்கச் சாமானைத் தவிர்க்க: கனடாக் கடைகளில் எதைப் பார்த்து வாங்குவது?

கனடாவை 51ஆவது மாநிலமாக்கப் போவதாகப் பேசிக்கொண்டிருந்த டிரம்ப், 2025 மார்ச் 4 முதல் பெரும்பாலான கனடாப் பொருட்களுக்கு 25 சதவீத வரி போட்டார். அதிலிருந்து வலுத்த புறக்கணிப்பு பற்றிய கேள்விகள் இவை.

கே: பார்கோடு 0-இல் தொடங்கினால் அமெரிக்கச் சாமான் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, சரியா அண்ணா?

ப: நம்ப வேண்டாம். நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பதிந்தது என்பதை மட்டுமே அந்த இலக்கங்கள் சொல்லும். எங்கே செய்தது என்று சொல்லாது. கனடிய நிறுவனங்கள் பலவற்றின் கோடும் 0-இல்தான் தொடங்கும்.

கே: அப்போ எதைத்தான் பார்க்கிறது?

ப: பொதியில் உள்ள வாசகத்தை. "ப்ராடக்ட் ஆஃப் கனடா" என்றால், உணவாக இருந்தால், மூலப்பொருள், பதப்படுத்தல், உழைப்பு எல்லாம் ஏறக்குறைய முழுக்க இங்கேதான். மசாலா, கரும்புச் சர்க்கரை போன்ற வெளிநாட்டுச் சேர்மானம் மொத்தம் 2 சதவீதத்துக்குள் இருக்கலாம். "மேட் இன் கனடா" என்றால் கடைசி முக்கிய மாற்றம் மட்டும் இங்கே நடந்தது. மூலப்பொருள் இறக்குமதியா என்பதைக் கூடவே எழுத வேண்டும், அந்தச் சின்ன எழுத்தையும் வாசியுங்கள். சோப்பு, சட்டிபானைக்குக் கணக்கு வேறு: முதல் வாசகத்துக்கு நேரடி உற்பத்திச் செலவில் 98 சதவீதமாவது, இரண்டாவதுக்கு 51 சதவீதமாவது கனடாவில் ஆகியிருக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது "கனடா நம்பர் 1" முத்திரையில். அது தரத்தின் பெயர். வேறு நாட்டில் விளைந்த காய்கறியிலும் இருக்கலாம். விலைச்சீட்டில் கடைக்காரர் ஒட்டிய மேப்பிள் இலையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பொதியைத் திருப்பிப் பாருங்கள்.

கே: ஹைன்ஸ் கெச்சப் வாங்கலாமா?

ப: 2014இல் ஒன்டாரியோவின் லீமிங்டன் ஊரிலிருந்த ஆலையை விட்டுப் போன நிறுவனம், பிறகு கெச்சப் தயாரிப்பை கியூபெக்குக்குக் கொண்டுவந்தது. லாபம் அமெரிக்காவுக்கு, கூலி இங்குள்ளவருக்கு. வேலை போவது முதலில் இங்கே என்பதால், இந்த மாதிரிப் பொருளைப் புறக்கணிப்புப் பட்டியலின் கடைசியில் வைப்பதே நியாயம்.

கே: ஒன்டாரியோ அரசின் மதுக்கடை நிறுவனமான எல்.சி.பி.ஓ. அமெரிக்க மதுவைத் தட்டிலிருந்து எடுத்தது வெறும் விளம்பரம்தானே?

ப: இல்லை, இருப்பதிலேயே கூர்மையான ஆயுதம் அது. ஒன்டாரியோவில் மதுவின் மொத்த விநியோகம் எல்.சி.பி.ஓ. கையில். அது நிறுத்தினால் உணவகமும் புதிதாக வாங்க முடியாது. 35 மாநிலங்களின் 3,600 வகைகள், ஆண்டுக்கு 100 கோடி டாலரை நெருங்கும் விற்பனை. வரி என்றால் விலை ஏறும், கொஞ்சமாவது விற்கும். தட்டிலிருந்தே எடுத்தால் விற்பனை பூச்சியம். ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாரிக்கும் பிரவுன்-ஃபோர்மனின் தலைவரே இது வரியைவிட மோசம் என்றார்.

கே: டிரம்பின் நண்பர் என்று கனடிய ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியை ஒதுக்குவதால் பயனுண்டா?

ப: எட்மன்டன் சாலையிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லி மனுக்கூடப் போட்டார்கள். கோபம் தீரும்; அமெரிக்க விஸ்கிக்குப் பேர்போன கென்டக்கியில் ஒரு பீப்பாய்கூட அதனால் தேங்காது.

கே: மாசி, பங்குனியில் கீரைக்கு என்ன செய்வது? எல்லாம் அரிசோனா, கலிபோர்னியா.

ப: லெட்டூஸில்தான் சிரமம். உள்ளூர்க் கண்ணாடிவீட்டு லெட்டூஸ் கிடைத்தால் எடுங்கள், விலை கூட. இல்லையென்றால் கோவா (முட்டைக்கோஸ்) போதும், குளிர்காலம் முழுக்கச் சேமிப்பில் இருக்கும். ஒன்டாரியோவின் காய்கறி விளையும் பகுதியான ஹாலந்து மார்ஷ் கரட்டும் அப்படித்தான். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய்க்குக் கண்ணாடிவீடுகள் நிறைந்த லீமிங்டன் பெயரைத் தேடுங்கள். தோடம்பழத்துக்கு (ஆரஞ்சு) மொரோக்கோ, ஸ்பெயின்.