‘எதற்கும் ஒரு மெடிக்கல்’ வேண்டாம்: ஸ்போர்ட் பைலட் பற்றி ஒரு பதில்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். வயது 47, கிரீன் கார்டு. வார இறுதியில் சின்ன விமானம் ஓட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து ஆசை. மூன்று வருடமாக ஸ்லீப் ஆப்னியாவுக்கு (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது) காற்றுச் செலுத்தும் சிபேப் மெஷின் மாட்டித் தூங்குகிறேன். பயிற்சிப் பள்ளியில் விசாரித்தால், “ஸ்போர்ட் பைலட் பொம்மை லைசென்ஸ் சார், பிரைவேட் பைலட்டே எடுங்கள். எதற்கும் ஒரு மெடிக்கல் எடுத்துவிட்டு, 12,000 டாலர் பேக்கேஜை இந்த மாதமே கட்டினால் தள்ளுபடி” என்கிறார்கள். ஸ்போர்ட் பைலட் பயிற்சியால் நிஜமாகவே பிரயோஜனம் உண்டா?

பதில்: மெடிக்கலுக்கு நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லைதானே? அப்படியே இருங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஸ்போர்ட் பைலட் என்பது பிரைவேட் பைலட்டுக்குக் கீழ்ப்படியில் இருக்கும் சின்ன லைசென்ஸ்; அதற்கு எஃப்.ஏ.ஏ.வின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) மெடிக்கல் சான்றிதழ் தேவையில்லை. அமெரிக்க டிரைவிங் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் போதும். ஆனால், ஒருமுறை மெடிக்கலுக்கு விண்ணப்பித்துவிட்டால் கதை மாறிவிடும். கடைசியாகக் கேட்ட மெடிக்கலில் ‘தகுதி உண்டு’ என்ற முடிவு வந்திருந்தால்தான் அதற்குப் பிறகு டிரைவிங் லைசென்ஸை வைத்துப் பறக்கலாம். மறுத்துவிட்டால் முடியாது. ‘முடிவு நிலுவையில்’ என்றாலும் முடியாது. ஸ்லீப் ஆப்னியா என்று எழுதினால் பரிசோதிக்கும் டாக்டர் அங்கேயே சான்றிதழ் தராமல் முடிவை எஃப்.ஏ.ஏ.வுக்குத் தள்ளிவிடவும் கூடும். அப்படித் தள்ளினால் கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு ரிப்போர்ட் கேட்டு. அனுப்பினால் இன்னொரு கடிதம். கடைசியில் பலருக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது என்பது உண்மைதான். அதுவரை? நேற்றுவரை டிரைவிங் லைசென்ஸை நம்பிப் பறந்திருக்கக்கூடியவர், விண்ணப்பம் போட்ட ஒரே குற்றத்துக்காகத் தரையில் உட்கார்ந்திருப்பார். கேட்காதவன் பறக்கலாம், கேட்டவன் காத்திருக்க வேண்டும்! இந்த விதியை எழுதியவர்களை யாராவது ஓக்லஹோமாவின் பதிலுக்காக ஆறு மாதம் உட்கார வைத்தால் தேவலை.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்பே மெடிக்கல் வாங்கி, அது காலாவதியாகிவிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. காலாவதி வேறு, மறுப்பு வேறு. பத்து வருடத்துக்கு முன் வாங்கியது தானாக முடிந்துபோயிருந்தாலும், கடைசி முடிவு ‘தகுதி உண்டு’ என்பதுதானே? டிரைவிங் லைசென்ஸ் போதும். ரத்தோ, இடைநிறுத்தமோ ஆகியிருந்தால்தான் சிக்கல். உங்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் வாரம் ஒருவர் கேட்பதால் சொல்லிவைக்கிறேன்.

டிரைவிங் லைசென்ஸ் என்பது வியாதியை மறைக்கும் போர்வை அல்ல. விமானம் ஓட்டத் தடையாகும் உடல்நிலை இருப்பது தெரிந்தும் பறப்பது விதிமீறல். சிபேப் மெஷின் மெமரியில் எந்த இரவு எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள் என்பது பதிவாகும். அதை எடுத்துப் போய் உங்கள் தூக்க மருத்துவரிடம் காட்டி, ‘விமானம் ஓட்டப் போகிறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள். பகலில் கண் சொருகும் ஆளென்றால் எந்த லைசென்ஸும் வேண்டாம்.

சரி, பொம்மை லைசென்ஸா? 2004-இல் இதைக் கொண்டுவந்தபோது 600 கிலோ எடை, இரண்டு இருக்கை என்று கட்டிப்போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பழகிய செஸ்னா 152 கூட ‘அதிக எடை’ என்று வெளியே நின்றது. இந்தக் கூத்தைத் திருத்த 21 வருடம். 2025 அக்டோபர் 22 முதல் எடைக் கணக்கு போய், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 59 நாட், அதாவது மணிக்குச் சுமார் 109 கி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். செஸ்னா 172 மாதிரியான நான்கு இருக்கை விமானத்தையே ஓட்டலாம். ஆனால் உடன் ஒருவர்தான் வரலாம். மனைவி ஒரு சுற்று, பிள்ளை அடுத்த சுற்று. இரவில் பறக்கத் தனிப் பயிற்சியோடு மெடிக்கலும் வேண்டும், ஆகவே உங்களுக்குப் பகல் மட்டுமே. சம்பாதிக்கவும் முடியாது. ‘பின்னால் வேலைக்கு உதவும்’ என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பயிற்சியின் மதிப்பு காலில் இருக்கிறது. லேசான விமானம் ஒவ்வொரு காற்றுக்கும் அசையும். ரன்வேக்குப் பத்தடி மேலே, இடப்பக்கக் காற்று தள்ளுகிறது. இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலது காலால் ரட்டர் (வாலில் உள்ள திருப்பும் பலகை) பெடலை அழுத்தி மூக்கை நேராக வைத்து, முதலில் இடது சக்கரத்தைத் தொடவிட வேண்டும். கனமான விமானத்தில் பழகியவர்கள் பலர் இந்தக் காலைத் தூங்கவிட்டிருப்பார்கள். லேசான விமானத்தில் பழகினால் பத்தாவது இறக்கத்துக்குள் அது விழித்துக்கொள்ளும்.

குறைந்தபட்சம் 20 மணி நேரம். அதில் 15 இன்ஸ்ட்ரக்டருடன், 5 தனியாக. பிரைவேட்டுக்கு 40. இருபதிலேயே முடிப்பவர் அபூர்வம், முப்பது நாற்பது ஆவது சகஜம். விளம்பரத்தில் இருபது என்று போட்டுவிட்டு நாற்பதுக்குக் காசு வாங்குவதுதான் இந்தத் தொழிலின் பழைய வித்தை. இன்னொரு வித்தை, ‘ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் பழகிய மணி பிரைவேட்டுக்குச் செல்லாது’ என்பது. 2018-லேயே விதி மாறிவிட்டது. பின்னால் மேலே போக ஆசை வந்தால் இந்த மணிகள் வீணாகாது.

பேக்கேஜ் கட்டாதீர்கள். பள்ளி மூடிப்போய், முன்பணத்துக்காகப் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பறந்த அன்றைக்கு அந்த மணிக்கு மட்டும் கொடுங்கள். அதிலும் கட்டணத்துக்கு மணி கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டரைப் பாருங்கள்: பெரும்பாலும் இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே அதுவும் ஓடும். கட்டுப்பாட்டு டவர் உள்ள பிஸியான விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் கால் மணிக்கும் உங்கள் பணம்தான். கிராமப்புறத்து, டவர் இல்லாத ஓடுபாதையில் அதே ஒரு மணியில் இரண்டு மூன்று இறக்கம் கூடுதலாகக் கிடைக்கும். டவருள்ள இடங்களுக்குப் போக வேண்டுமானால் அதற்கான பயிற்சியை எடுத்து, லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

உங்களிடம் கிரீன் கார்டு என்பதால், பயிற்சி தொடங்கும் முன் டி.எஸ்.ஏ.வின் (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) பாதுகாப்புச் சோதனை முடிந்திருக்க வேண்டும். அதற்குள் பயிற்சி தொடங்கச் சொல்லும் பள்ளி உங்களையும் மாட்டிவிடும். ஒரு அறிமுகப் பறத்தலுக்கு மட்டும் அது வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே ஒன்று போய்வாருங்கள். முன் அலுவலகத்தில் யாராவது மெடிக்கல் ஃபார்மை நீட்டினால், வீட்டில் போய் நிரப்புகிறேன் என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.