பிள்ளைகளோடு ஆறுதலாகச் சாப்பிட எங்கே போகலாம்?

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகன், ஒன்றரை வயதில் மகள். மாமியும் எங்களோடுதான். மாதத்தில் ஒரு நாளாவது வெளியே போய் ஆறுதலாக இருந்து சாப்பிட ஆசை. போன முறை ஒரு கஃபேயில் மகள் அழ, பக்கத்து மேசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்க, சாப்பாட்டைப் பொதி கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். கொழும்பில் பிள்ளைகளுக்கு ஏற்ற கஃபே எது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: முதலில் ஒன்று. அன்று பிழை உங்களிலும் இல்லை, மகளிலும் இல்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு கதிரையில் இருபது நிமிடம் இருந்தாலே பெரிய காரியம். அதனால் கடையின் பெயரைத் தேடுவதற்கு முன், பிள்ளை மேசையை விட்டு இறங்கினால் நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கும் முதல் விஷயமும் அதுதான், கடைசி விஷயமும் அதுதான். சாப்பாட்டுப் பட்டியலில் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் இருப்பதெல்லாம் பிறகு.

அந்தக் கணக்கில் முற்றம் உள்ள இடங்கள்தான் நல்லவை. கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடம் 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. உள்ளே இரண்டு முற்றங்கள், வாகனம் வராது. ஒருவர் சாப்பிட, மற்றவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். சுதந்திர சதுக்கத்துப் பக்கம் உள்ள ஆர்கேட்டும் அப்படித்தான், வெளியே வந்தால் நடக்கத் தாராளமாக இடம் உண்டு. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலேயே இருக்கும் பெயார்ஃபுட் கடையின் பின்பக்கம் மரநிழலில் ஒரு முற்றக் கஃபே இருக்கிறது. வீதியின் இரைச்சல் அங்கே அவ்வளவாக வராது. இவை மலிவான இடங்கள் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும்.

உங்கள் வீட்டுக்குக் கிட்ட என்றால் மரைன் டிரைவ். வீதிக்கும் கடலுக்கும் நடுவால் தண்டவாளம் போகிறது. மேல்மாடியில் யன்னலோர மேசை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. என் தங்கச்சியின் மகன் அங்கே ஒரு நாள் மைலோவை வாயில் வைத்தபடியே “கோச்சி, கோச்சி” என்று கத்தினான். காலிப் பக்கம் போகிற ரயிலின் கடைசிப் பெட்டி மறையும்வரை கிளாசைக் கீழே வைக்கவில்லை. அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு முழு இடியப்பத்தை, தான் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிட்டு முடித்தான். கைபேசியைக் கையில் கொடுக்கவேண்டிய தேவையே வரவில்லை. ஆனால் பல்கனி மேசை வேண்டாம். அதுதான் கிடைத்தது என்றால், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்க்காமல் இருக்காதீர்கள். கீழ்த்தளக் கடை என்றால் கதவு நேரே வீதிக்குத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

போகுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். “பிள்ளைகளுக்கு வசதியா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். பெல்ட் உள்ள உயரக் கதிரை எத்தனை இருக்கிறது, பம்பர்ஸ் மாற்ற மேசை இருக்கிறதா, மாமிக்குப் படி ஏற வேண்டுமா, லிஃப்ட் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். “விளையாட இடம் உண்டு” என்றால் அது எவ்வளவு பெரியது, தனிக் கட்டணமா, மேசையில் இருந்தபடி பிள்ளை கண்ணில் படுமா என்றும் கேளுங்கள். விளையாட்டு மூலை சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் பெரியவர்களில் ஒருவர் சாப்பிடாமல் அங்கே நிற்க வேண்டியதுதான்.

நேரம் இன்னும் முக்கியம். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு எந்த நல்ல கடையும் நல்ல கடையாக இருக்காது. பின்னேரம் ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். சமையலறை நெருக்கடி இல்லாமல் இருக்கும், வெய்ட்டருக்கும் உங்களோடு நின்று கதைக்க நேரம் இருக்கும். போய் இருந்தவுடன் பிள்ளைகளின் சாப்பாட்டை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். “உறைப்பு வேண்டாம்” என்பது போதாது, மிளகாய் போடாமல் மிளகை அள்ளிப் போட்டுவிடுவார்கள். சிங்களத்தில் “மிரிஸ் நெத்துவ, கம்மிரிஸ் நெத்துவ” (மிளகாயும் வேண்டாம், மிளகும் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறால், கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் வெய்ட்டரிடம் சொல்வதோடு விடாமல், சமையலறையில் கேட்டுவந்து சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், கஃபேதான் வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? வெள்ளவத்தைச் சைவக்கடையில் தோசை பத்து நிமிடத்தில் வந்துவிடும். பிள்ளை அழுதாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. வெள்ளிக்கிழமை மாமிக்கும் யோசனை இல்லை. அங்கே சாப்பிட்டுவிட்டு நேரே காலிமுகத்திடலுக்குப் போங்கள். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அதை அமைத்து முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பாதுகாக்கும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். உங்கள் மகள் அழுதாலும் ஓடினாலும் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

கேள்வி: இரண்டு பிள்ளைகளோடு சாப்பிட்டோம். பட்டியல் விலையைக் கூட்டினால் 5,000 ரூபாய். பில் 6,490 ரூபாய் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. 5,000க்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 5,500. அதன் மேல் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) 990. மொத்தம் 6,490. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். பார்க்க வேண்டியது வேறு. வற் அறவிடுகிற கடை பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், பற்றுச்சீட்டில் வற் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத கடை வற் என்று ஒரு சதமும் வாங்க முடியாது. வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது அதை வாசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே இருந்தவுடன் “இது வரியோடு சேர்த்த விலையா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. துண்டுக் கடதாசியில் கையால் எழுதிய மொத்தத் தொகையை மட்டும் நீட்டினால் ஏற்க வேண்டாம். முறையிட வேண்டுமென்றால் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது. சாப்பாட்டின் சுத்தம் பற்றியதென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்கு வீட்டில் செய்த சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டு போகலாமா?
– தெஹிவளை வாசகி

பதில்: தாராளமாக. வெளிச் சாப்பாடு கூடாது என்று பலகை மாட்டிய கடையிலும் குழந்தையின் கஞ்சிக்கு என்னை யாரும் தடுத்ததில்லை. சூடாக்கித் தரச் சொல்லிக் கொடுப்பதைவிட, ஒரு கிண்ணத்தில் சுடுநீர் வாங்கி, போத்தலை அதற்குள் வைத்து நீங்களே சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே ஆறியிருக்கும், நடுவில் கொதிக்கும். கொடுக்குமுன் நன்றாகக் கலக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்.