ஏழு பாகம் இருக்கட்டும், தண்ணீரை யார் திறப்பது?

கேள்வி: செவ்வாய்க் கிரகத்தில் குடியேறும் வன்னி மக்களைப் பற்றி ஏழு பாகங்களில் அறிவியல் புனைவு நாவல் எழுத இருக்கிறேன். வரைபடம், வம்சாவளி, கொடி என்று நான்கு கொப்பிகள் நிறைந்துவிட்டன. ஏழாம் பாகத்தில் ஆட்சி யார் கைக்குப் போகும் என்பதுவரை தெரியும். ஆனால் முதல் அத்தியாயம் நகர மறுக்கிறது. மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்துள்ளேன். முழுவதையும் திட்டமிட்ட பிறகுதான் தொடங்க வேண்டுமா?
– வாசகி, முத்தையன்கட்டு

பதில்: வேண்டாம், தங்கச்சி. முதல் பாகத்தை முடிவுவரை திட்டமிடுங்கள். இரண்டாவதற்கு அரைப் பக்கம் போதும். மற்ற ஐந்தையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

தொடர் எழுத வருபவர்கள் பாகத்துக்குப் பாகம் எதிரியைப் பெரிதாக்குவார்கள். மூன்றாம் பாகத்தில் வாசகருக்குக் கொட்டாவி வந்துவிடும். முதல் பாகத்தில் கண்ட தீர்வே இரண்டாம் பாகத்தின் சிக்கலாக வேண்டும். உதாரணத்துக்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகத் திட்டம் வந்தது. சிறுபோகத்துக்கே, அதாவது கோடைகால நெல்லுக்கே, தண்ணீர் போதவில்லை என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குடிக்கக் கேட்டவர்களும் அநியாயம் கேட்கவில்லை. பிறகு கடல்நீரை நன்னீராக்கும் திட்டம் யாழ்ப்பாணக் கரையோரமான வடமராட்சி கிழக்குக்குப் போனது. அங்கே மீன்வளம் என்னாகும் என்று கடற்றொழிலாளர் கிளம்பினார்கள். 2024 இல் அங்கே தாளையடியில் நிலையம் திறக்கப்பட்டது. கொடியவன் ஒருவன்கூட இல்லாமல் மூன்று பாகத்துக்குக் கதை!

செவ்வாயிலும் இதைச் செய்யலாம். நிலத்தடியில் பனிக்கட்டி இருக்கிறது. ஆனால் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பும் இருக்கிறது. 2008 இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது. உங்கள் குடியேறிகள் உப்பைப் பிரித்துத்தான் குடிக்க வேண்டும். பிரிக்கும் இயந்திரம் யார் பொறுப்பில்? பிரித்த உப்பை எந்த வீட்டுப் பக்கம் கொட்டுவார்கள்? ராக்கெட்டின் திட எரிபொருளுக்கும் பெர்குளோரேட்தான் வேண்டும். அதாவது முதல் பாகத்தின் கழிவு இரண்டாம் பாகத்தின் செல்வம். அதை யார் விற்பது என்று அடிபடட்டும்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில், முடிந்தால், பின்வரிசையில் போய் உட்காருங்கள். குளத்தில் எத்தனை அடி நீர், அதற்கு எத்தனை ஏக்கர் என்று பேசும்போது யார் குரலை உயர்த்துகிறார், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் எப்போது வாய் திறக்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் செவ்வாய் நாடாளுமன்றத்துக்கு அது போதும்.

மாதிரிப் பக்கத்தில் கதாநாயகி செவ்வாயிலிருந்து அம்மாவுடன் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறாள். அது நடக்காது. இரு கிரகங்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, சொன்ன சொல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஆகவே அம்மா குரல் பதிவுதான் அனுப்புவார். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் வீடுகளில் இதைத் தினமும் கேட்கிறோம்: பின்னால் சேவல் கூவும், நடுவில் "கேற்றடியில் ஆரோ வந்திட்டினம்" என்று நிற்கும், மிச்சம் அடுத்த பதிவில் வரும். மகள் கோபமாகப் பதில் அனுப்பிய பிறகுதான் அம்மாவின் மன்னிப்பு வந்து சேர்கிறது. சண்டையை இப்படித் திருப்பி எழுதுங்கள்.

வம்சாவளிக் கொப்பியை மூடிவிட்டு, எழுத எழுத நிரப்பும் கணக்குக் கொப்பி ஒன்றைத் தொடங்குங்கள். யாருக்கு என்ன வயது, எந்த இரகசியம் யாருக்குத் தெரியும், எந்த இயந்திரம் பழுது என்று அத்தியாயவாரியாகக் குறியுங்கள். செவ்வாயின் ஓர் ஆண்டு நமக்கு 687 நாட்கள். ஆறு வயதுப் பிள்ளை என்றால் எந்தக் கணக்கில் என்று முதல் பக்கத்திலேயே முடிவெடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் பாகத்தில் மகன் தகப்பனைவிட மூத்தவனாகிவிடுவான்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் ஊரில் வயல் செய்யும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தண்ணீர் திறக்கும் இடத்தில் அவர் மறித்துக் கேட்கும் கேள்விகளை எழுதி எனக்கும் அனுப்புங்கள்.