அயர்லாந்து ரயில் மாடலை வீட்டில் அமைக்க 21 மி.மீ. தண்டவாளம் கட்டாயமா?

கட்டாயமில்லை. அயர்லாந்தில் நிஜத் தண்டவாள இடைவெளி 1,600 மி.மீ.; 1:76 அளவில் அது 21 மி.மீ. ஆகிறது. இந்த அளவு மாடல்களுக்குக் கடையில் கிடைக்கும் ‘ஓஓ’ (OO) வகைத் தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். மர்ஃபி மாடல்ஸ் நிறுவனத்தின் 201 வகை டீசல் எஞ்சின் மாடல் அதிலேயே ஓடும். பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நேருக்கு நேர் பார்த்தால்தான், பெரிய ஆள் சின்னச் செருப்பைப் போட்டதுபோல் சக்கரங்கள் ஒடுங்கித் தெரியும். 21-க்குப் போனால் தண்டவாளத்தைப் பெரும்பாலும் கையால்தான் கட்ட வேண்டும், எஞ்சின் சக்கரங்களையும் அகலப்படுத்த வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாத வேலை. மாடல் அமைப்பின் முன்விளிம்பில் ஒரு நடைமேடை வைத்தால் பாதிக் குறை மறைந்துவிடும்.

அப்புறம், எஞ்சின் விக்கி விக்கி நின்றால் உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடையுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். அதுதான் மின்சாரத்தை மறித்த அழுக்கு.